நோட்டின் நடுப்பத்தி

"மாப்ள, இந்த வீட்ல ரெண்டு பாஷை ஓடும். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு..."

இன்னொன்றைப் பற்றி மாமனார் சின்னான் என்ன சொன்னார் என்பது சிவபாண்டிக்கு ஞாபகமில்லை. கல்யாணத்துக்கு மறுநாள், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சொன்னது. சரியாக அந்த இடத்தில் யாரோ ரசம் ஊற்ற வந்தார்கள். சிவபாண்டி ரசத்தைக் கவனித்தான். இருபத்து மூன்று வருஷம் கழித்து, மாமனாரும் காலமான பிறகு, அந்த மீதி வாக்கியம் இல்லாமல் தன் குடும்ப வாழ்க்கை ஒரு நட்டு குறைந்த மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. ரசம் மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. கொஞ்சம் புளிப்பு தூக்கல்.

அந்த இன்னொரு பாஷை பர்மியம். மாமனாரும் மாமியார் சுந்தரம்மாளும் பர்மாவில் பிறந்தவர்கள். அறுபத்து நாலில் கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் வாயில் ஒரு பாஷையுமாகக் கப்பலேறி வந்து சேர்ந்தவர்கள். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. பாஷைக்குத் துரு ஏறவில்லை. மகள் முத்துமீனாவுக்கும் அதைக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் மகளும் தனியாகப் பேசினால் பர்மியம்தான்.

கல்யாணமான வாரத்தில் சிவபாண்டி ஒருநாள், "என்ன மீனா, உலை கொதிக்கிற மாதிரியே இருக்கு ஒங்க பாஷை" என்று சிரித்தான். முத்துமீனாவும் சிரித்தாள். அதற்கப்புறம் அவனிடம் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

மூன்றாம் வருஷம் அவன் ஸ்பெயினுக்குப் போனான். பில்பாவோவுக்குப் பக்கத்தில், இரண்டு மலைக்கு நடுவே லேத்து மெஷின் செய்யும் ஒரு கம்பெனி. பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்துவிட்டுப் போனவன். அங்கே கேண்டீனில் இரண்டும் விலைபோகவில்லை. மேஜைக்கு மேஜை பாஸ்க் மொழி. உலகத்தில் எந்த மொழிக்கும் உறவில்லாத மொழி, அநாதை மொழி என்றார்கள். நாலு பேர் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டும் என்பதற்காக, வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குப் போய் அந்த அநாதையைத் தத்து எடுத்துக்கொண்டான். பதினேழு வருஷத்தில் அவனுக்குக் கனவே பாஸ்க்கில் வந்தது. எங்கோ ஒரு மலைக்காரனோடு சூப்புக் குடிக்க ஒரு பாஷை கற்றவன், சொந்த அடுப்படியில் கொதித்த பாஷையில் ஒரு சொல் அறியாமல் ஊர் திரும்பினான்.

திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. பசுமலையில் வீடு, மாமியாரும் கூடவே; கப்பலூரில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை. விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்றே, யாரும் கேட்காமல், "இனிமே எங்கயும் போகமாட்டேன் மீனா" என்று சொல்லியிருந்தான். கேட்டுக் கொடுத்த வாக்கென்றால் திரும்பிப் பேசலாம். கேட்காமலே கொடுத்த வாக்கை எந்த வாயால் திரும்பக் கேட்பது?

ஆனால் கேட்க வேண்டி வந்தது. ஆடி மாதம் மிகேல் கூப்பிட்டான். பழைய கம்பெனியில் இவனோடு ஒரே மெஷினில் நின்றவன்.

"மாய்சு, புது லைன் போடுறோம். ரெண்டு வருஷம் வந்துட்டுப் போ. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு."

மாய்சு என்றால் அங்கே வாத்தியார், கை தேர்ந்தவன் என்று அர்த்தம். அங்கே எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இங்கே, உப்பு டப்பா எங்கே என்று கேட்டால், "நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்பார்கள். மரியாதைதான். விருந்தாளிக்கும் அதே மரியாதைதான்.

மிகேலோடு அவன் கூடத்திலேயே உட்கார்ந்து, சத்தமாக, பாஸ்க்கில் பேசினான். எதிரில் முத்துமீனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டிய அறைக்குள் இருப்பது போல நிம்மதியாக இருந்தது.

போகலாமா என்று அவளிடம் கேட்டால் "ஒங்க இஷ்டம்" என்பாள். 'ஒங்க இஷ்டம்' என்பதற்கு எந்த மொழியிலும் அகராதி கிடையாது. அவள் மனதில் இருப்பதை அவள் சொல்லப்போவது அம்மாவிடம். அதுவும் பர்மியத்தில். ஆகவே சிவபாண்டி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பதற்குப் பதிலாக ஒரு முழு மொழியையும் கற்றுக்கொள்வது.

பசுமலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் வாசகர் வட்டம் ஒன்று இருந்தது. அங்கே கார்த்திகையில் பேச ஒரு தலைப்புக் கொடுத்தான்: 'பர்மியமும் பாஸ்க்கும், ஓர் ஒப்பீடு.' சிம்மக்கல்லில் நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினான். இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று பத்தி கோடு போட்டான். இடப்பத்தியில் தமிழ். வலப்பத்தியில் பர்மியம். நடுப்பத்தியில் பாஸ்க். எல்லாம் தமிழ் எழுத்திலேயே. நடுப்பத்தி தேவையா என்றால், ஒப்பீடு என்று சொல்லியாயிற்றே. தவிரவும், புது ஜாப் அடிக்கும்போது தெரிந்த சாம்பிள் பீஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பட்டறை வழக்கம். மாமியாருக்குக் கண்ணில் புரை. அதனால் அவர் சொல்லச் சொல்ல, வலப்பத்தியை எழுதும் வேலை முத்துமீனாவுக்கு; மற்ற இரண்டும் அவனுக்கு.

"அத்தை, வீட்டுக்குப் பர்மாவுல என்ன?"

"எய்ன்."

"பாஸ்க்குல எச்சே."

"தும்முற மாதிரில்ல இருக்கு மாப்ள."

"தண்ணிக்கு?"

"யே. ஒங்க ஆளுக என்னம்பாக?"

"ஊர்."

"தண்ணியவா ஊருங்காக? அப்ப நம்ம பக்கமெல்லாம் வந்து பாத்தா, ஊரே இல்லம்பாக."

முத்துமீனா தலை நிமிராமல் எழுதினாள்.

அம்மா என்ற வரிசைக்கு வந்தபோது சிவபாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாஸ்க்கில் அமா. பர்மியத்தில் அமே. மூன்று மொழிக்கும் ஒரே தாய் என்று அந்த இடத்திலேயே ஒரு கொள்கை வகுத்தான்.

"கைப்பிள்ள மொதமொத வாயத் தெறந்தா அதுதான மாப்ள வரும். வேற என்ன வரும்?" என்றார் சுந்தரம்மாள். கொள்கை மூன்று நிமிஷம் உயிரோடு இருந்தது.

அடுத்த வரிசை அப்பா. பாஸ்க்கில் ஆய்தா.

"அபே" என்றார் மாமியார்.

சிவபாண்டியின் பேனா நின்றது. மகள் பேசக் கற்றபோது போனில் அவன் கேட்ட முதல் சொல் அதுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவன் பில்பாவோவில் நின்றுகொண்டு, "புள்ளைக்கு இன்னும் பேச்சு வரலபோல மீனா, என்னமோ உளறுறா" என்று சொல்லியிருந்தான். முத்துமீனா அன்றைக்கு, "வந்துரும்" என்றாள். அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவனை டாடி என்கிறாள்.

"எழுதிட்டேன். அடுத்தது?" என்றாள் முத்துமீனா.

அடுத்தடுத்து ஆயிரத்து நூறு வரிசை ஓடியது. மூன்று மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. ஆகவே கடைசிவரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்பவனுக்குத்தான் விஷயம் புரியும். இதை அவன் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டான். மற்றபடி பாஸ்க்கும் பர்மியமும் எதிரெதிர்க் குணம். பாஸ்க்கில் வினைச்சொல் ஒரு டவுன் பஸ்: கொடுத்தவன், வாங்கியவன், கொடுத்த சாமான் எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் ஏற்றிக்கொள்ளும். பர்மிய வினைச்சொல்லோ காலி வண்டி. போனது யார், வந்தது யார் என்று அது சொல்லாது. நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இதனால் சிவபாண்டியின் ஒட்டுக்கேட்பு ஆரம்பத்தில் சிரமப்பட்டது. "தூங்குது, திங்கிது, சத்தம் மட்டும் பெருசு" என்று அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதை ஒரு மாதம் முழுக்க மிக்ஸியைப் பற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தான். மிக்ஸி தூங்காதே என்று உறைத்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது.

அந்தப் புரட்டாசியில்தான், ஒரு சாயங்காலம், எத்தனை பேருக்கு மாவு பிசைவது என்று மகள் கேட்க, மாமியார் விரல் விட்டு எண்ணினார். "ஹ்னயௌ. தகௌங்."

பர்மியத்தில் மனிதர்களை எண்ண 'யௌ' என்று சேர்க்க வேண்டும். ஆடு மாடுகளுக்குக் 'கௌங்'. நோட்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது வரிசை. மனுஷர் இரண்டு, உருப்படி ஒன்று. வீட்டில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது.

கேட்கவும் முடியாது. கேட்டால் ஒட்டுக்கேட்கிற குட்டு வெளிப்படும். சிவபாண்டி காபியை விழுங்கினான். மொழி தெரியாமல் இருந்தவரை அவனை யாரும் அவமானப்படுத்தியதே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு பலன் கிடைக்க ஆரம்பித்தது. முத்துமீனா அம்மாவிடம் பர்மியத்தில் சொன்னாள்: "மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது. அவருகிட்டச் சொல்ல மனசு வரல. பாவம்." சனிக்கிழமையே சிவபாண்டி தானாகத் தோன்றியதுபோல மோட்டாரை மாற்றினான். "அம்மா, ஒன் கண்ணு ஆபரேஷனுக்கு அவரு கூட வந்தா நல்லாருக்கும். எப்படிக் கேக்குறது?" அடுத்த வாரம் அவனே மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ஆபரேஷன் முடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக் கூட்டி வந்தான். "ஞாயித்துக்கெழம ஆம்பள பாத்திரம் வெளக்குறத பாத்தா எம்புட்டு அழகா இருக்கு." அதையும் செய்தான்.

பக்கத்துப் பட்டறைக் காசிமாயனிடம் பெருமை தாங்கவில்லை.

"பொண்டாட்டி மனசுல நெனைக்கிறத வாய் தெறக்குறதுக்கு முன்னாடியே செஞ்சிர்றேன் மாயா. அம்புட்டும் பாஷை அறிவு."

காசிமாயன் டிரில்லை நிறுத்தினான். "அண்ணே, நானும் மோட்டார் மாத்துறேன். பாத்திரம் வெளக்குறேன். மாமியாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எனக்குத் தமிழ் மட்டுந்தாண்ணே தெரியும்."

கார்த்திகை பிறந்தது. மிகேல் வாரம் தவறாமல் ஏழு மணிக்குக் கூப்பிட்டான். சிவபாண்டி கூடத்தில் உட்கார்ந்து அறை வாடகை, விசா, டிசம்பர் குளிர் எல்லாம் பேசினான். ஆனால் எந்தக் கேள்விக்காக மொழி கற்றானோ, அதைப் பற்றி மட்டும் அம்மாவும் மகளும் மூச்சு விடவில்லை.

நவம்பர் கடைசி வாரத்துப் புதன்கிழமை கப்பலூரில் மின்தடை. டயர் பஞ்சராகிப் பைக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கிப் பதினொரு மணிக்கு நடந்தே வீட்டுக்குப் போனான். செருப்பைக் கழற்றும்போது அடுப்படியில் பேச்சு. பர்மியம், வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி. நின்று கேட்டான்.

"போயிருவாரா?" மாமியார்.

"போகட்டும்மா." முத்துமீனாவின் குரலில் கோபமில்லை. வெங்காயம் உரிக்கிற வேகத்திலேயே பேசினாள். "பதினேழு வருஷம் கட்டில்ல நடுவுல படுத்துத் தூங்கிப் பழகிட்டேன். அவரு வந்தாருன்னு ஓரத்துக்கு நகர்ந்தேன். ஓரத்துல தூக்கம் வாரதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. அவரு போனா நடுவுக்குப் போயிருவேன், அது பெரிய காரியமில்ல. திரும்பி வந்தாருன்னா, இன்னொரு தடவை ஓரத்துக்கு நகர என்னால ஆகாதும்மா."

குக்கர் விசில் அடித்தது.

சிவபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டான். தெருமுனை டீக்கடையில் மூன்று டீ குடித்தான். பிறகு பஸ் நிறுத்தத்துக் கல்பெஞ்சில், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல், சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். போகிற விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். "இன்னைக்கு வேலை சாஸ்தியா? மூஞ்சி வாடிக் கெடக்கு" என்று முத்துமீனா கேட்டாள். "ஆமா" என்றான்.

மறுநாள் வியாழக்கிழமை ஏழு மணிக்கு மிகேல் கூப்பிட்டான். கூடத்தில் மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில். முத்துமீனா தரையில், முன்னால் கத்தரிக்காயும் அரிவாள்மணையும்.

"நாளைக்குக் கடைசி நாள் மாய்சு. வீட்ல என்ன சொல்றாங்க?"

சிவபாண்டி, முந்தின நாள் கேட்டதைக் கேட்காதவன்போல, பாஸ்க்கில், "மனைவிக்குத் தெரியாது" என்றான்.

"பதாகி" என்றாள் முத்துமீனா. கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெரியும் என்று அர்த்தம். அந்த ஒரே சொல்லுக்குள் அவளும் இருந்தாள், அவளுக்குத் தெரிந்ததும் இருந்தது. இலக்கண சுத்தம்.

போனில் மிகேல் சிரித்தான். "யாரது? உன்னைவிட உச்சரிப்பு நல்லா இருக்கே." சிவபாண்டி அப்புறம் பேசுகிறேன் என்று துண்டித்தான்.

"எப்படி?" என்றான் தமிழில்.

"நோட்டு நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க. ஆயிரத்து நூறு வரிசை. வலப்பத்தி எனக்குப் பொறந்ததுலருந்து தெரியும். இடப்பத்தி தமிழ். புதுசா படிக்க என்ன இருக்கு, நடுப்பத்தி மட்டுந்தான். பாடத்த எழுதிக் குடுத்தீங்க. ஏழு மணிக்கு ஒக்காந்து சத்தமா பேசியும் காட்டுனீங்க. இதுக்கு மேல எந்த வாத்தியார் சொல்லித் தருவாரு?"

"அப்ப, எனக்குப் பர்மா பாஷை..."

"புரியும்னு எப்பத் தெரிஞ்சதுன்னு கேக்குறீங்களா? அம்மா ஒங்கள மாட்டோட சேத்து எண்ணுச்சுல்ல, அன்னைக்கு. சும்மா சோதிச்சுப் பாப்போம்னுதான். ஒங்க காது ரெண்டும் செவந்துருச்சு."

"மன்னிச்சுக்கிருங்க மாப்ள," என்றார் சுந்தரம்மாள் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து. "மனுசக் கணக்குல சேத்தா காது செவக்காதுன்னு இவதான் சொன்னா."

"மோட்டார்?"

"ஒங்களுக்காகப் பேசுனது."

"கண் ஆபரேஷன்?"

"அதுவும்."

"பாத்திரம்?"

"அது அம்மா எழுதிக் குடுத்த வசனம்." முத்துமீனா ஒரு காயை நாலாக வகிர்ந்து தண்ணீரில் போட்டாள். "ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேச ஆள் இல்லாமப் போனா சொல்லுங்க. நான் போயிப் பேசுறேன். எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிவபாண்டிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, ஒரு பெரிய பாரம் இறங்கியவன்போல, அவன் கேட்டான்:

"அப்ப அந்தக் கட்டில் வசனமும் நடிப்புத்தானா? நானும் நெசம்னு நெனச்சு நேத்தெல்லாம் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருந்தேன்."

அரிவாள்மணையில் கை நின்றது.

"எந்தக் கட்டில்?"

"நேத்துப் பதினொரு மணிக்கு. அடுப்படியில. நடுவுல படுக்குறது, ஓரத்துக்கு நகர்றது..."

முத்துமீனா அம்மாவைப் பார்த்தாள். மாமியார் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"நேத்து நீங்க கப்பலூர்லதான இருந்தீங்க?" என்றாள்.

எதிர்வீட்டு டீவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். முத்துமீனா கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புழு இருக்கிறதா என்று தேடுவதுபோல.

"அத்தை," என்றான் சிவபாண்டி கடைசியில். "மாமா அன்னைக்கு ஒண்ணு சொன்னாரு. ரெண்டு பாஷை ஓடும், ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணுன்னு. மீதிய மறந்துட்டேன்."

"அதுவா." சுந்தரம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பக்கத்துலதான நின்னேன். 'இன்னொண்ணு எங்களுது மாப்ள. வேணும்னா கேளுங்க, குடுத்துருவோம்'னாரு. நீங்க ரசம் போதும்னீக."

முத்துமீனா நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று, திரும்பாமல், இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவனிடம் பர்மியத்தில் கேட்டாள்.

"தமின் சா பீபீலா?"

சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இன்னும் சமைக்கவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு, அங்கே காலை எட்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கும் நேரத்தில், சிவபாண்டி மிகேலைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னான்.